புரோநோட்டின் மறுபக்கம்

ஜூன் மாதத்துச் சாரல் காற்று பாளையங்கோட்டை வரையில் வந்து எட்டிப் பார்க்கும் காலம் அது. 2025-ஆம் வருஷத்துக் கோடை விடுமுறை கழிந்து கோர்ட்டுகள் திறந்திருந்தன. ஒரு நாள் மாலை நண்பர் ஒருவருடைய புதல்வி நம்மைக் காண வந்தாள். சேரன்மாதேவிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் சிறிது நஞ்சை உண்டு; காரும் பிசானமும் தவறாமல் விளைந்தால் குடும்பத்துக்குக் கவலையில்லை; ஒரு போகம் பொய்த்தால் கடன் வாங்காமல் தீராது. அந்த வம்சத்தில் கோர்ட்டுப் படி ஏறியவர்கள் சிலர் உண்டு. எல்லாரும் வாதியாகவோ பிரதிவாதியாகவோ ஏறியவர்களே. வக்கீலாக ஏறுவதற்கென்று புறப்பட்ட முதல் ஆள் இவள். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டை முடித்திருக்கிறாள்.

“மாமா, ஒரு யோசனை கேட்க வந்தேன். வக்கீல் ஒருவரிடம் நான்கு வாரம் தொழில் பழகியதாகச் சான்றிதழ் காட்டவேண்டும். நமக்குத் தெரிந்த வக்கீல் யாரும் இல்லை. ஒருவர், ‘நீ வரவே வேண்டாம், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்’ என்கிறார். தோழிகள் சிலர் அப்படியே வாங்கிவிட்டார்கள். அந்த நான்கு வாரமும் வீட்டிலிருந்து பரீட்சைக்குப் படிக்கலாம். பஸ் செலவும் மிச்சம். வாங்கிக்கொள்ளட்டுமா?”

‘வேண்டாம்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். உபதேசம் செய்வதைப்போல எளிய காரியம் உலகத்தில் வேறில்லை. ஆனால் பஸ் செலவைக் கணக்குப் பார்க்கும் வீட்டுப் பெண்ணுக்கு உபதேசத்தால் என்ன பிரயோஜனம்? ஆகவே மறுநாட்காலை அவளை அழைத்துக்கொண்டு, நமக்கு நீண்டகாலப் பழக்கமுள்ள வயோதிக வக்கீல் ஒருவரின் ஆபீஸுக்குச் சென்றோம். வக்கீல் கோர்ட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். “குமாஸ்தா அண்ணாச்சி பக்கத்தில் உட்கார், அம்மா. முதல் வாரம் அவர்தான் உனக்கு ஆசிரியர்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்தக் குமாஸ்தா நாற்பது வருஷமாக அதே மேஜையில் இருப்பவர். சற்று நேரத்தில் ஓர் அம்மாள் வந்து புரோநோட்டு ஒன்றை நீட்டினாள். பால் விற்றுச் சேர்த்த பணத்தைத் தெரிந்தவருக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறாள். வாங்கியவர் இப்பொழுது முகங் கொடுத்துப் பேசுவதில்லை. குமாஸ்தா அதை வாங்கி மாணவியிடம் கொடுத்து, “வழக்குப் போடலாமா, பார்த்துச் சொல்லு அம்மா” என்றார். நோட்டின் தேதி 2022 மார்ச்சு 14. மாணவி மனத்திற்குள் கணக்குப் போட்டாள். 1963-ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டப்படி இத்தகைய கடனுக்குக் கெடு மூன்று வருஷம். 2025 மார்ச்சோடு முடிந்தது. “காலம் கடந்துவிட்டது, அண்ணாச்சி” என்றாள். அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது.

குமாஸ்தா ஒன்றும் பேசாமல் நோட்டைத் திருப்பினார். பின்பக்கத்தில் மங்கிய மையினால் இரண்டு வரி எழுதியிருந்தது: 2023 ஜூன் 20-ஆம் தேதி, வட்டியில் 6,000 ரூபாய் வரவு, கீழே கடன்காரரின் கையெழுத்து. கெடு முடியுமுன் கடனாளி ஒரு பகுதியைச் செலுத்தி, அது அவர் கையெழுத்திலோ, அவர் கையொப்பமிட்ட எழுத்திலோ பதிவாகியிருந்தால், அந்தத் தேதியிலிருந்து மூன்று வருஷம் புதிதாக ஓடத் தொடங்கும். 2026 ஜூன் வரைக்கும் அந்த அம்மாளுக்கு அவகாசம் இருந்தது.

“அம்மா, நோட்டின் முன்பக்கத்தை எல்லாரும் வாசிப்பார்கள். கோர்ட்டு பின்பக்கத்தையும் வாசிக்கும்” என்றார் குமாஸ்தா.

அன்று மாலை அந்தப் பெண் நம்மிடம் சொன்னது இது: “மாமா, அந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவை நான் பரீட்சையில் பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன். ஆனால் காகிதத்தைத் திருப்பத் தோன்றவில்லை.”

நேயர்களே, நாம் இந்த வாரம் சொல்ல விரும்புவது ஏறக்குறைய இவ்வளவுதான். சட்டப் பிரிவைக் கலாசாலையில் கற்கலாம். காகிதத்தைத் திருப்பும் கையைப் பழக்குவதற்கு ஆபீஸும் கோர்ட்டும் வேண்டும். போகாமலே வாங்கும் சான்றிதழினால் பாதிக்கப்படுகிறவன் மாணவன் அல்லன். சில வருஷம் கழித்து அவனை நம்பிப் புரோநோட்டை நீட்டப்போகும் யாரோ ஒரு பால்காரியம்மாள்.

பழைய வழக்கமும் புதிய விதிகளும்

முற்காலத்தில் நம் நாட்டில் சட்டக் கல்வி பெரும்பாலும் தொழிலின் மடியிலேயே வளர்ந்தது. சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியாக விளங்கிய டி. முத்துசாமி ஐயர், இளம் பிராயத்தில் கிராமக் கணக்கரிடம் மாதம் 1 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்த்தவர். நில வழக்குகளின் வேர் கிராமக் கணக்கில் இருப்பதை அவருக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தர வேண்டியிருந்திராது.

நம் சீமையின் உதாரணம் இன்னும் அருகில் உண்டு. வ. உ. சிதம்பரம் பிள்ளையை நாம் கப்பல் ஓட்டியவராகவே நினைவு கூர்கிறோம். அவர் தொழிலால் வக்கீல். தந்தையார் உலகநாத பிள்ளையும் ஒட்டப்பிடாரத்தில் வக்கீல். மகன் சில காலம் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து, பின்பு திருச்சிராப்பள்ளிக்குச் சென்று சட்டம் பயின்று, 1894-இல் பிளீடர் பரீட்சையில் தேறி, அடுத்த வருஷம் ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார். 1900-இல் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தார். தந்தையின் ஆபீஸும் தாலுகா ஆபீஸின் மேஜையும் அவருக்குக் கிடைத்த பாடசாலைகள். அதே மனிதர், திருநெல்வேலியில் நடந்த ராஜத்துரோக விசாரணையில் குற்றவாளிக் கூண்டில் நின்றார். 1908 ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். அப்பீலில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்தபோது அவருடைய வக்கீல் சன்னத்து பறிபோயிருந்தது. பின்னாளில் ஈ. எச். வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் அது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் புதல்வருக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். நாட்டுக்காகச் சன்னத்தை இழந்து, பட்ட வறுமைக்கிடையே அதை மீண்டும் பெற்றவர் வாழ்ந்த சீமை இது. இங்கே தொழிலுக்குரிய ஒரு காகிதத்தை வேலை செய்யாமலே வாங்கிக்கொள்வதென்றால் மனம் சற்றுக் கூசத்தானே வேண்டும்?

வெகுகாலம் வரையில் சென்னை ராஜதானியில் பி. எல். பட்டம் பெற்றவர் மூத்த வக்கீல் ஒருவரிடம் ஒரு வருஷம் பழகிய பிறகே தொழிலில் புகுவது வழக்கமாயிருந்தது. 1961-ஆம் வருஷத்து வக்கீல்கள் சட்டத்திலும் பயிற்சியும் பரீட்சையும் இடம் பெற்றிருந்தன. 1973-இல் அந்த ஏற்பாடு நீக்கப்பட்டது. 1995-இல் இந்திய பார் கவுன்சில் ஓராண்டுப் பயிற்சியை மறுபடி விதித்தபோது, அவ்வாறு விதிக்க அதற்கு அதிகாரமில்லையென்று 1999-இல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. ஆகவே, பட்டம் பெற்றபின் பழகவேண்டியதைப் படிக்கும்போதே பழகிவிட வேண்டியதாயிற்று.

2008-ஆம் வருஷத்துச் சட்டக் கல்வி விதிகள் அதற்கு வழி செய்தன. ‘இன்டர்ன்ஷிப்’ என்று வழங்கும் இப்பயிற்சி, மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரமும், ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரமும் இருக்கவேண்டும். ஒரு வருஷத்தில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. விசாரணைக் கோர்ட்டிலும் அப்பீல் கோர்ட்டிலும் வாதாடும் வக்கீல்களிடம் ஒரு முறையேனும் பழகியே தீரவேண்டும். இதனோடு ஒரு தனிப் பாடமும் உண்டு. மாதிரி நீதிமன்ற வாதங்கள் மூன்றுக்கு 30 மதிப்பெண். சிவில் ஒன்று, கிரிமினல் ஒன்று ஆக இரண்டு வழக்கு விசாரணைகளை நேரில் பார்த்து எழுதுவதற்கு 30. கட்சிக்காரரைச் சந்தித்தல், வழக்குத் தயாரித்தல், இவற்றின் நாட்குறிப்புக்கு 30. வாய்மொழிப் பரீட்சைக்கு 10.

விதியில் குறையில்லை. ஆனால் விதியைக் காகிதத்தில் நிறைவேற்றிவிடுவது நம்மவர்க்குக் கைவந்த வித்தையல்லவா? பாராத விசாரணையைப் பார்த்ததாக எழுதிய நாட்குறிப்பும் மற்ற நாட்குறிப்புகளோடு கட்டுக்குள் போய்விடும். அதைக் கண்டுபிடிக்கும் பரீட்சை பிறகுதான் வரும். 2025 மே 20-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பின்படி, கீழ்க்கோர்ட்டுச் சிவில் நீதிபதிப் பதவிக்கு மனுச் செய்கிறவர்கள் குறைந்தது மூன்று வருஷம் வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும். கோர்ட்டை அறியாத நீதிபதி கட்சிக்காரர்களுக்குச் சுமையாகிறார் என்ற அனுபவத்தின் விளைவு அது. படிக்கும் காலத்திலேயே மெய்யாகப் பழகியவருக்கு அந்த மூன்று வருஷம் முதல் நாளிலிருந்தே பயன் தரும்; மற்றவர் அதில் பாதியை வழி கேட்பதிலேயே கழிப்பார்.

எங்கே, எப்படிப் பழகுவது?

சென்னையிலோ டில்லியிலோ பெரிய வக்கீல் கம்பெனிகளில் பழகினால்தான் மதிப்பு என்று நம் பிள்ளைகள் பலர் எண்ணுகிறார்கள். அங்கே போக வசதியுள்ளவர்கள் போகட்டும். வசதியில்லாதவர்கள் மனம் குன்ற வேண்டியதில்லை. அம்பாசமுத்திரத்திலும் சேரன்மாதேவியிலும் நாங்குநேரியிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் உள்ள கோர்ட்டுகளில் ஒரு மாதம் உட்கார்ந்தவருக்கு மனித வாழ்க்கை முழுவதும் கண்முன் வந்துபோகும். அப்பீல் வேலையைப் பார்க்க மதுரையில் 2004 ஜூலை முதல் ஹைகோர்ட்டுக் கிளையும் இருக்கிறது.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் நிலமும் நீருமே வழக்குகளுக்குத் தாய். மடை யாருடையது, வரப்பு எங்கே இருந்தது, வண்டிப் பாதையில் யாருக்குப் பாத்தியம் என்ற கேள்விகளுக்குப் பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, புலப்படம் ஆகியவற்றை வரிசையாக வைத்து வாசிக்கத் தெரியவேண்டும். கோர்ட்டு நியமிக்கும் வக்கீல் கமிஷனர் நிலத்தை அளக்கப் போகும்போது, அனுமதி பெற்று மாணவரும் உடன் செல்லலாம். படத்தில் நேர்கோடாக உள்ள வரப்பு நிலத்தில் வளைந்து கிடப்பதையும், அந்த வளைவுக்குள் இரண்டு தலைமுறைப் பகை அடங்கிக் கிடப்பதையும் அங்கே காண்பார்.

விசாரணையைப் பார்ப்பதற்கு எவருடைய சிபாரிசும் தேவையில்லை. இரகசியமாக நடத்தவேண்டிய சில வழக்குகள் நீங்கலாக, கோர்ட்டு எல்லாருக்கும் திறந்த இடம். ஆனால் ஒரு வழக்கு ஒரே நாளில் முடிவதில்லை. வாய்தா மேல் வாய்தா போகும். ஆகையால் பத்து வழக்குகளைப் பத்து நிமிஷம் பார்ப்பதைவிட, ஒரு வழக்கைத் தேர்ந்து கடைசிவரை பின்தொடர்வது மேல். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் இலக்கமும் கொண்ட அடையாள எண் உண்டு; அதைக்கொண்டு அடுத்த வாய்தாவைக் கைப்பேசியிலேயே அறியலாம். பிராது, பதிலுரை, சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு என்று ஒரே வழக்கின் உடலை அடிமுதல் முடிவரை கண்டவர், பிறகு எந்த வழக்கையும் கண்டு மிரளமாட்டார். கிரிமினல் வழக்குகளில் இப்பொழுது ஒரு விசேஷமும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் புதிய மூன்று சட்டங்கள் அமலுக்கு வந்தன. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். இரண்டையும் ஒரே அறையில் கையாளும் தலைமுறைக்குக் கற்கக் கிடைக்கும் வாய்ப்பு பெரிது.

எல்லைகளையும் மறவாதிருக்க வேண்டும். மாணவர் கறுப்புக் கோட்டும் டையும் அணியலாம். கவுன் வக்கீலுக்கே உரியது. பதிவு பெற்ற வக்கீல் அல்லாதார் தொழில் நடத்தினால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. கட்சிக்காரர் சொல்லும் இரகசியத்தைக் காப்பது வக்கீலுக்குப் போலவே அவருடைய குமாஸ்தாவுக்கும் கடமை. அந்த மேஜையில் அமரும் மாணவரும் அதையே தமக்கு விதியாகக் கொள்ளவேண்டும். வழக்குக் கட்டைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புகிற பிள்ளை அந்த மேஜைக்கு லாயக்கில்லை.

யாருமே இடம் தரவில்லை என்றால் என்ன செய்வது? அதற்கும் ஒரு வாசல் உண்டு. 1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் அதிகாரச் சட்டத்தின்படி ஜில்லா தோறும் இலவசச் சட்ட உதவிக்கு ஓர் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகாக்களில் கமிட்டிகள் இருக்கின்றன. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிலாளர், ஊனமுற்றோர், காவலில் உள்ளோர் ஆகியோருக்கு வருமானம் பாராமலே அங்கே உதவி கிடைக்கும். சட்ட மாணவர்கள் அங்கே சட்டத் தன்னார்வத் தொண்டராகச் சேரலாம். மனு எழுதத் தெரியாத ஏழைக்கு மனு எழுதித் தருவதைவிட நல்ல பாடம் எந்தச் சர்வகலாசாலையில் கிடைக்கும்?

நம் மாணவியும் அந்த வாசலுக்குச் செல்லும்படி நேர்ந்தது. ஜூன் இரண்டாம் வாரத்தில் ஒரு கிழவர் வேறொரு புரோநோட்டோடு ஆபீஸுக்கு வந்தார். தேதி 2022 மே 23. இந்தத் தடவை மாணவி யாரும் சொல்லாமலே அதைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாயிருந்தது. கடன்காரர் இரண்டு தடவை வட்டி கொடுத்தது உண்மையே. பெரியவர் அதைத் தம்முடைய நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தார். “கையெழுத்துக் கேட்டால் அவர் மனம் சங்கடப்படுமே என்று விட்டுவிட்டேன்” என்றார்.

கெடு முடியும் நாளில் கோர்ட்டு மூடியிருந்தால், திறக்கும் நாளில் பிராதைக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. மே 23 கோடை விடுமுறைக்குள் வந்தது. கோர்ட்டு திறந்த அன்று அவர் வந்திருந்தால் பிழைத்திருப்பார். வந்தது ஒரு வாரம் கழித்து. வக்கீல் அதை மெதுவாக எடுத்துச் சொன்னபோது, பெரியவர் நோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, “சரி ஐயா” என்று எழுந்தார். அந்த இரண்டு சொற்களை அந்தப் பெண் தன் ஆயுள் உள்ளவரை மறக்கமாட்டாள்.

வக்கீல் அவரை உட்காரச் சொன்னார். காலம் கடந்த கடனைக் கோர்ட்டில் வசூலிக்க இயலாதென்றாலும், கடனாளி அதைக் கொடுப்பதாக எழுதிக் கையொப்பமிட்டால் அந்த வாக்குறுதி ஒப்பந்தச் சட்டப்படி செல்லும். ஆகையால் வழக்குக்கு முந்திய சமரசத்துக்காகச் சட்ட உதவிக் குழுவுக்கு மனுச் செய்யலாம் என்றார். மனுவை எழுதியவள் நம் மாணவி. மூன்று முறை திருத்தி எழுதினாள். கடன்காரர் அழைப்பை மதித்து வந்தார். முழுத் தொகைக்கு இணங்கவில்லை. பாதித் தொகையை மூன்று தவணையில் கொடுப்பதாகக் கையெழுத்திட்டார். பெரியவர் பாதியை இழந்தார். அதையும் அவள் தன் நாட்குறிப்பில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறாள்.

நான்கு வாரம் முடிந்து அவள் சான்றிதழைக் காட்ட வந்தபோது, அந்தக் காகிதத்தைப் பற்றி நாம் இருவரும் அதிகம் பேசவில்லை. நாட்குறிப்பைத்தான் புரட்டிப் பார்த்தோம்.

கடைசியாக, நம் ஜில்லாக்களின் மூத்த வக்கீல்களுக்கு ஒரு விண்ணப்பம். வக்கீல் வீட்டுப் பிள்ளைக்குத் தந்தையின் ஆபீஸ் காத்திருக்கிறது. கன்னடியன் கால்வாய்க் கரையிலிருந்து வரும் பெண்ணுக்கும், மாஞ்சோலைத் தொழிலாளியின் பையனுக்கும் யார் காத்திருக்கிறார்கள்? ஆண்டுக்கு ஒருவர், வக்கீல் என்று சொல்லிக்கொள்ள வீட்டில் எவருமில்லாத ஒரே ஒருவர், உங்கள் குமாஸ்தாவின் பக்கத்தில் உட்காரட்டும். பஸ் செலவையும் நீங்களே கொடுத்தால் இன்னும் நன்று. வராத பிள்ளைக்குக் கையெழுத்துப் போடுவதை நிறுத்தி, வந்த பிள்ளைக்கு ஒரு நாற்காலி போடுங்கள். அவர்கள் கற்பது உங்களிடமிருந்து. பயன் பெறுவது, நாளைக்கு ஒரு பழைய காகிதத்தை மடியிலிருந்து எடுத்து நீட்டப்போகும் ஏழை ஜனங்கள்.